சுகாதாரப் பேரவை, பஞ்சாயத்து, டி.டி. ஆபீஸ்: ஆரம்ப சுகாதார நிலையத்தை (பி.எச்.சி.) நடத்துறது யாருன்னு தேடி அலைஞ்சவங்க எழுதுங்க

கரிசக்காட்டான்

மாவட்ட சுகாதாரப் பேரவைன்னா, ஆஸ்பத்திரிக் குறைகளை மக்களும் அதிகாரிகளும் ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம். உலக வங்கிக் கடன்ல 2019-ல வந்த சீரமைப்புத் திட்டத்தோட ஒட்டிக்கிட்டு வந்ததுதான். கலெக்டர் தலைமை. மாவட்டத்துல தீர்க்க முடிஞ்சதை அங்கயே தீர்ப்பாங்க, முடியாதது மாநிலப் பேரவைக்குப் போகும்னு சொன்னாங்க. நம்பித்தான் போனேன்.

எங்க ஒன்றியத்துல இருந்து சுயஉதவிக் குழு அக்கா ஒருத்தங்களும் வந்திருந்தாங்க. அவங்க மருமகளுக்கு ராத்திரி வலி. பி.எச்.சி.ல இருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. அங்க மயக்க மருந்து டாக்டர் இல்லைன்னு மெடிக்கல் காலேஜுக்கு. விடியிறதுக்குள்ள மூணு கட்டடம். தாயும் புள்ளையும் இப்ப நல்லா இருக்காங்க, அதனால யாரும் பதற வேண்டாம்.

அக்கா மைக்கைப் பிடிச்சு இதைச் சொன்னதும் மேடையில ஒவ்வொருத்தரா எந்திரிச்சாங்க. பொது சுகாதாரத் துறைக்காரர் சொன்னார், "எங்க பக்கம் ரெஃபரல் முறைப்படி நடந்திருக்கு." தாலுகா ஆஸ்பத்திரி இணை இயக்குநர், அதான் ஜே.டி.க்குக் கீழ வருது, அது வேற இயக்குநரகம். அவர் தரப்பு, "வந்ததும் தாமதிக்காம அனுப்பிட்டோம்." காலேஜ் மூணாவது இயக்குநரகம். "எங்ககிட்ட வரும்போதே லேட்." மூணு பேர் கையிலயும் ஃபைல் இருந்துச்சு, மூணுமே சரியாத்தான் இருந்திருக்கும்.

அக்கா கேட்டாங்க: "அப்ப நீங்க எல்லாரும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. என் மருமகதான் தப்பா வலி எடுத்துட்டாளா?"

மண்டபமே சிரிச்சுது. கலெக்டரும் லேசாச் சிரிச்சார். அந்தச் சிரிப்புலயே மைக் அடுத்த ஆளுக்குப் போயிருச்சு. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

ஓய்வுபெற்ற_விஎச்என்

தம்பி, மூணு இயக்குநரகத்தை இப்பத்தான் பார்க்கிறீங்க. நாங்க காலம் பூரா அதுக்குள்ளதான் கிடந்தோம். சுகாதார மாவட்டம் வேற, வருவாய் மாவட்டம் வேறங்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது. சிவகாசி, கோவில்பட்டி, பழனி, பரமக்குடி, அறந்தாங்கி எல்லாம் கலெக்டர் ஆபீஸ் இல்லாத ஊர், ஆனா சுகாதார மாவட்டத் தலைமையிடம். அங்க இருக்கிற துணை இயக்குநரை, அதான் டி.டி.யை, இப்ப மாவட்ட சுகாதார அலுவலர்னு கூப்பிடுறாங்க. போர்டு மாத்தினாங்க, நாங்க அனுப்புற ரிப்போர்ட்டு ஒண்ணும் குறையல.

என் கதை சின்னது. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சே, அதுல வீடு வீடாப் போற பொண்ணுங்க மகளிர் குழுவுல இருந்து வர்றவங்க. வேலை எங்ககிட்ட, ஆள் மகளிர் திட்டத்து ஆள். ஒரு நாள் பெரியவர் ஒருத்தர் திண்ணையில சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டிட்டு உக்காந்திருக்கார். பி.பி. மிஷின்ல செல்லு தீர்ந்துபோச்சு. அந்தப் பொண்ணு என்னைப் பார்க்குது, நான் அதைப் பார்க்கிறேன். செல்லு வாங்குறது எந்தக் கணக்கு? பி.எச்.சி.யா, மகளிர் திட்டமா? பெரியவர் கையை மடக்கவே இல்ல. "என்னம்மா, ஜாஸ்தியா இருக்கா?"ன்னு பயந்துட்டார் பாவம். கடைசியில அந்தப் பொண்ணு, அதுக்கு அப்ப வந்த ஊக்கத்தொகையே 4,500 ரூபாதான், அதுல இருந்து எடுத்துப் பெட்டிக்கடையில வாங்கிட்டு வந்துச்சு.

ஏலக்காட்டுத்_தமிழன்

கரிசக்காட்டான் அண்ணே, நான் கேரளாவுல பீருமேடு பக்கம். இங்க அந்தக் கேள்வியைக் கேக்கப் பேரவைக்குப் போக வேண்டாம், பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்லயே கேக்கலாம். 1996-ல பஞ்சாயத்துக்கு அதிகாரத்தைப் பிரிச்சுக் கொடுத்த மக்கள் திட்டம் வந்த காலத்துல இருந்தே பி.எச்.சி. கிராமப் பஞ்சாயத்து கையில. 2017-ல ஆர்த்ரம்ங்கிற அரசுத் திட்டம் வந்து அது குடும்பாரோக்கிய கேந்திரமாச்சு (குடும்ப நல மையம்), ஓ.பி. சாயங்காலம் ஆறு வரைக்கும். ரெண்டாவது டாக்டருக்குச் சம்பளம் பஞ்சாயத்து கொடுத்துச்சு.

ஒரு தடவை சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோச்சு. தோட்டத்துல கொழுந்து எடுக்கிற அம்மா ஒருத்தங்க காலிக் கவரைக் கொண்டுபோய் வார்டு மெம்பர் மேசையில வெச்சாங்க. பேசல, வெச்சாங்க. மெம்பர் அங்கயே டாக்டருக்குப் போன் போட்டார். உங்க ஊர்ல அந்தக் கவரை எந்த மேசையில வைப்பீங்க?

எல்லாம் தேனும் பாலும்னு சொல்லல. ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பணம் மதிலுக்கும் கேட்டுக்கும் போச்சு. மதில் கட்டினது யாரோட மச்சான்னு எல்லாருக்கும் தெரியும்.

வட்டார_டாக்டர்

மேல எழுதின கேரளா நண்பர் கடைசி வரியில தானே பதில் சொல்லிட்டார். அரசியலமைப்போட 73-வது திருத்தம் பஞ்சாயத்துகளுக்குன்னு போட்ட பதினோராவது அட்டவணையில ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கு, தெரியும். அப்படியும் தமிழ்நாடு அதைத் துறை கையிலயே வெச்சதுக்குக் காரணம் உண்டு. 1939-லயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது, இதுக்குன்னே தனி அதிகாரி வரிசை இருக்கு. மருந்துக்கு 1994-ல இருந்து மருத்துவப் பணிகள் கழகம். பி.எச்.சி.க்குப் பாஸ்புக் உண்டு, அதுல இருக்கிற தொகைக்குக் கிடங்குல மருந்து எடுத்துக்கலாம். நான் எந்தத் தலைவர் வீட்டு வாசல்லயும் நின்னதில்ல.

ஆஸ்பத்திரிச் செலவைப் பேசி முடிவு பண்ற நோயாளர் நலச் சங்கத்தோட கூட்டம் ஒண்ணு மறக்காது. பிரசவ அறைக்கு இன்வெர்ட்டர் வாங்கலாம்னு நான் சொல்றேன். ஊர்ப் பெரியவர் முகப்புல வளைவு வைக்கணும்கிறார். வளைவுல தன் அப்பா பேர். கரண்ட் போய் டார்ச் வெளிச்சத்துல தையல் போட்டது நானும் என் நர்ஸும்.

மனுநீதி_1971

எங்க ஊர்லயும் ராத்திரி நர்ஸ் இல்லாத பிரச்சினை இருந்துச்சு, இப்ப இல்ல. நண்பர்கள் இதை முறையாச் செய்யணும். முதல்ல கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆறு நாள் இருக்கு. தீர்மானம் எழுதும்போது "ஆவன செய்ய" என்று முடிக்காதீர்கள், என்ன வேணுமோ அதை எழுதுங்க. நகல் கேட்டு வாங்கிக்குங்க, கொடுக்கலைன்னா போட்டோ. அடுத்து தகவல் உரிமைச் சட்டத்துல மனு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும். நலச் சங்கத்தோட வரவு செலவு, கூட்டக் குறிப்பு ரெண்டையும் கேளுங்க. "ஏன்"னு கேக்காதீங்க, ஆவணத்தைக் கேளுங்க. ஏன்னு கேட்டா மழுப்பல்தான் வரும். பதில் வரலைன்னா அதே ஆபீஸ்ல மேல்முறையீடு, அதுக்கப்புறம் தகவல் ஆணையம். மனுவை ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க. நீலப் பேனா நல்லது, ஜெராக்ஸ் எது, அசல் எதுன்னு தெரியும். இன்னும் வேணும்னா மாதிரிப் படிவம் அனுப்புறேன்.

கரிசக்காட்டான்

மனுநீதி சார், நன்றி. மனு எழுத எனக்குத் தெரியும். நான் கேட்டது வேற. எந்த ஆபீஸுக்கு எழுதினாலும் "எங்க பங்கு சரி"ன்னு பதில் வர்ற இடத்துல, மொத்த ராத்திரிக்கும் பொறுப்பு யார்? டாக்டர் சார், உங்க பாஸ்புக் பி.எச்.சி. வாசலோட நின்னுருது. ஏலக்காட்டுத் தம்பி, உங்க மெம்பர் மெடிக்கல் காலேஜுக்குப் போன் போட்டா எடுப்பாங்களா?

ஏலக்காட்டுத்_தமிழன்

எடுக்க மாட்டாங்க அண்ணே. எங்களுக்கும் கோட்டயம் மெடிக்கல் காலேஜ்னா மலை இறங்கணும். அதுல பஞ்சாயத்துக்கு ஒரு பிடியும் இல்ல.

ஓய்வுபெற்ற_விஎச்என்

டாக்டர் சார், அந்த இன்வெர்ட்டர் கடைசியில வந்துச்சா?

வட்டார_டாக்டர்

வளைவு வந்துச்சு மேடம். இன்வெர்ட்டர், ஒரு அம்மாவோட வீட்டுக்காரர் சொந்தக் காசுல வாங்கிக் கொடுத்தார். அதை ஸ்டாக்ல ஏத்த எந்த ரிஜிஸ்டர்னு தேடினோம்.