குதிரைத்திறன் அப்புறம், முதலில் பின்சக்கரம்: கால் மைல் ஓட்டுபவர்களின் அனுபவப் பகிர்வு

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து:

பெரிய எஞ்சின் போட்ட பழைய மஸில் கார் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சினில் எதை மாற்றினால் வேகம் கூடும்?" என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றே. ஒரு சீசன் முழுக்க எஞ்சினைத் தொடாதீர்கள். வேலையைப் பின்சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

என்னுடையது 1991 ஃபோர்டு மஸ்டாங். 5.0 லிட்டர் வி8, ஐந்து கியர் மேனுவல். 1979 முதல் 1993 வரை வந்த இந்தத் தலைமுறையை இங்கே ஃபாக்ஸ் பாடி என்பார்கள். கம்பெனி சொன்ன சக்தி 225 குதிரைத்திறன். இன்றைக்குப் பெரிய எஞ்சின் போட்ட குடும்பக் கார்களே அதைத் தாண்டிவிடுகின்றன. ஆனால் ஃபாக்ஸ் பாடி எடை குறைவு, ஒயரிங் எளிது, பாகங்கள் இன்னமும் புதிதாகக் கிடைக்கின்றன. வீட்டு கராஜில் கை பழகுவதற்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

வாங்கிய கையோடு எதையும் மாற்றாமல் இங்கிலீஷ்டவுன் ரேஸ்வே பார்க்குக்குக் கொண்டு போனேன். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். 2018 ஜனவரியில் அங்கே டிராக் ரேஸை, அதாவது கால் மைல் நேர்கோட்டில் ஓடும் போட்டியை, நிறுத்திவிட்டார்கள். தெற்கே இருந்த அட்கோவும் 2023இல் மூடப்பட்டது. இப்போது வடக்கே ஐலண்டு டிராக்வேக்குப் போகிறோம், இல்லாவிட்டால் எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவின் மேப்பிள் குரோவுக்கு. இங்கிலீஷ்டவுனை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். ஒரு ஊரில் டிராக் மூடினால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஓட்டுவதை நிறுத்துவதில்லை, சாலைக்குப் போய்விடுகிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். பச்சை விளக்குக்கு நாம் எவ்வளவு நேரத்தில் அசைந்தோம், முதல் 60 அடியைக் கடக்க எத்தனை நொடி, பிறகு 330 அடி, எட்டில் ஒரு மைல், 1000 அடி, கடைசியாக 1320 அடி, அதாவது கால் மைல். என் முதல் சீட்டில் 60 அடிக்கு 2.25 நொடி, கால் மைலுக்கு 14.9 நொடி, கடைசி வேகம் மணிக்கு 94 மைல்.

பக்கத்தில் பழைய நோவா கார் ஒன்றை நிறுத்தியிருந்த பெரியவர் சீட்டைக் கேட்டு வாங்கினார். கிரீஸ் படிந்த கட்டைவிரலை 94 என்ற எண்ணின்மேல் வைத்தார். "இது எஞ்சின் பேசுவது." விரலை மேலே நகர்த்தி 60 அடி வரியில் வைத்தார். "இது டயர் பேசுவது. உன் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை." அவ்வளவுதான், அவர் முறை வந்துவிட்டது, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டிராக் ஆட்கள் பல காலமாகப் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு. குதிரைத்திறனை மொத்த எடையால், அதாவது வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த பவுண்டு கணக்கால், வகுத்து, அதன் கனமூலத்தை 234ஆல் பெருக்கினால் கால் மைல் முடிவில் வரவேண்டிய வேகம் கிடைக்கும். 225 குதிரைத்திறன், 3400 பவுண்டு என்று போட்டால் 94.6 மைல். சீட்டோடு ஒட்டிப்போகிறது. நேரத்துக்கும் இதேபோல் ஒன்று: எடையைத் திறனால் வகுத்து, கனமூலத்தை 5.825ஆல் பெருக்க வேண்டும். அது 14.4 நொடி என்றது. நான் ஓடியது 14.9. எஞ்சின் முழுச் சம்பளத்துக்கு உழைத்திருக்கிறது, அரை நொடி மட்டும் புறப்பட்ட இடத்திலேயே டயர் வழுக்கியதில் போயிருக்கிறது. 60 அடியில் 0.1 நொடி குறைத்தால் கால் மைல் முடிவில் 0.15 முதல் 0.2 வரை குறையும் என்பது அனுபவக் கணக்கு.

ஆகவே முதல் செலவு டயர். பின்னால் ஒரு ஜோடி டிராக் ரேடியல், அதாவது இந்தப் போட்டிக்கென்றே வரும் ஒட்டும் டயர், போட்டு, டிராக்குக்குப் போனதும் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். சாதாரண டயரில் ஓடும்போது, புறப்படும் முன் டயரைச் சுழற்றிச் சூடாக்கும் பர்ன்அவுட் இடத்தில் இருக்கும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும், டயரின் காடிகளில் தேங்கும் தண்ணீர் புறப்படும் கோடுவரை வந்து நமக்கும் பின்னால் வருபவருக்கும் வழுக்கும். டிராக் ரேடியலில் லேசாக நனைத்து, டயரைச் சூடாக்கி, புகை வர ஆரம்பித்ததும் விட்டுவிடலாம். 60 அடி 1.95 ஆனது. கால் மைல் 14.4. கடைசி வேகம் அதே 94. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பவில்லை.

டயர் பிடித்துக்கொண்டால் விசை வேறு எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? ஃபாக்ஸ் பாடியில் அது டார்க் பாக்ஸுக்குப் போகும். பின் ஆக்சிலைத் தாங்கும் கைகள் பாடியோடு சேரும் தகட்டுப் பெட்டிகள் அவை. வெறும் ஸ்பாட் வெல்டிங். பின்சீட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் விரிசல் விழுந்த இடத்தில் பெயின்ட் மயிரிழைபோல் பிளந்து, ஓரத்தில் துரு கசிந்திருக்கும். வலுவூட்டும் தகடுகள் தயாராக விற்கிறார்கள். வெல்டிங் தெரிந்த நண்பரை அழைத்துப் போட்டுக்கொண்டேன். தரைவிரிப்பை முழுதாக எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் பைப் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, தீயணைப்பானுடன் ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் பற்றவைக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

அடுத்தது பின் ஆக்சிலின் கியர் விகிதம். என் வண்டியில் இருந்தது 3.08. அதை 3.73 ஆக்கினேன். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை 21 சதவீதம் கூடுகிறது. இதை வீட்டில் செய்ய முடியாது என்று பலரும் சொன்னார்கள். முடியும், பொறுமை வேண்டும். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஒன்றோடொன்று எவ்வளவு ஆழத்தில் உரச வேண்டும் என்பதை பினியன் தலைக்குக் கீழே போடும் ஷிம் என்ற வளையத் தகடு தீர்மானிக்கிறது. ஷிம்மை மாற்ற ஒவ்வொரு தடவையும் பேரிங்கைப் பிரஸ்ஸில் கழற்ற வேண்டும். அதைத் தவிர்க்க, பழைய பேரிங்கின் உள்வட்டத்தைக் கொஞ்சம் தேய்த்து, கையால் போட்டு எடுக்கும்படி செய்துகொண்டேன். பற்களில் மஞ்சள் பெயின்ட் தடவி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பெயின்ட் அழியும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிப்பக்கம் ஒட்டி விழுந்தால் பினியன் அதிக ஆழத்தில் இருக்கிறது, மெல்லிய ஷிம் போடவேண்டும். நுனிப்பக்கம் விழுந்தால் தடித்த ஷிம்.

தடம் சரியானதும் டயல் கேஜை வைத்து பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, பார்க்க வேண்டும். கிரவுன் வீல் 8.8 அங்குலம் இருக்கும் இந்த ஆக்சிலுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 8 முதல் 15 பங்கு. பேரிங் மூடிகளைக் கழற்றும்போதே இடது, வலது என்று அடையாளம் போட்டுவிடுங்கள், மாற்றிப் போடக் கூடாது. கடைசியாக கிரஷ் ஸ்லீவ், பினியனின் இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் சின்ன உலோகக் குழாய். பினியன் நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும். புது பேரிங் என்றால் பினியனைச் சுற்ற 16 முதல் 29 அங்குல-பவுண்டு விசை தேவைப்படும்வரை இறுக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்லீவ்தான். கடைசிக் கட்டத்தில் நட்டைக் கால் சுற்றுகூடத் திருப்பக் கூடாது, மில்லி மில்லியாகத்தான். முதல் ஓட்டத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வராமல் வண்டி அமைதியாகப் போனபோது கிடைத்த சந்தோஷம், டிராக்கில் கிடைத்ததைவிடப் பெரியது.

அத்தோடு ஸ்பேர் டயர், ஜாக், பின்சீட் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவைத்தேன். ஸ்பார்க் எவ்வளவு முன்கூட்டி வர வேண்டும் என்ற டைமிங்கை 10 டிகிரியிலிருந்து 14 ஆக்கினேன், 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டேன். எஞ்சின் வேலை என்று சொன்னால் இது மட்டும்தான். ஐலண்டில் ஒரு குளிர்ந்த மாலையில் 13.92. அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்தும் அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் விதிப்படி 13.99 நொடியோ அதைவிட வேகமாகவோ ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். நான் போட்டுக்கொண்டுதான் ஓடினேன். நீங்களும் நேரத்துக்காகக் காத்திருக்காமல் முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சிகன், டெட்ராய்ட் பக்கத்திலிருந்து:

எடிசன் நண்பர் சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். அவருடைய 8.8 உறுதியான ஆக்சில், அதனால் முதலில் டயர் போட்டும் தப்பித்தார். என்னுடையது 2000ஆம் வருடத்து கமாரோ, 5.7 லிட்டர் எல்எஸ்1, ஆட்டோமேடிக். எஞ்சின் தங்கம். ஆனால் அதன் 10 போல்ட் ஆக்சில் அந்த எஞ்சினுக்குத் தாங்காது என்பது இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

மிலன் டிராக்வேயில் நல்ல வெயில் நாள். புறப்படும் இடத்தில் ஒட்டும் திரவம் தாராளமாக அடித்திருந்தார்கள், செருப்பு போட்டு நடந்தால் தரையிலேயே நின்றுவிடும் அளவுக்கு. பச்சை விழுந்தது, டயர் துளிகூடச் சுழலவில்லை, பின்னால் சுத்தியலால் அடித்ததுபோல் ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் எண்ணெய்க் கோடு. உடனே ஓரம் ஒதுங்கி நிறுத்தினேன். அதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்: ஏதாவது உடைந்தால் ஓட்டத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் முன்னேறும் ஒவ்வொரு அடியும் அடுத்தவர் வழுக்கப்போகும் எண்ணெய்.

டிராக் ஊழியர்கள் உறிஞ்சும் பொடி தூவி, கூட்டி, எரித்துக் காயவைத்து முடிக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. ஒருவர் டிரெய்லரைக் காட்டி, "என் கடைசி ஓட்டம் முடிந்ததும் உன் வண்டியை ஏற்றிக்கொள்வோம்" என்றார். அப்படியே என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார், பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

இப்போது 9 அங்குல ஆக்சில் போட்டிருக்கிறேன். ஆட்டோமேடிக் வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று: எங்களுக்குக் கிளட்ச் இல்லை, ஆகவே எஞ்சினையும் டிரான்ஸ்மிஷனையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர்தான் உயிர். கம்பெனி கன்வர்ட்டர் எஞ்சினைத் தாழ்ந்த சுற்றிலேயே பிடித்துவைக்கும். 3200 ஆர்பிஎம் வாக்கில் பிடிக்கும் கன்வர்ட்டர் போட்டதும் எஞ்சின் தன் பலத்தில் இருக்கும் சுற்றிலேயே வண்டி கிளம்புகிறது. 13.4 ஓடிய வண்டி 12.7க்கு வந்தது. கூடவே டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்குத் தனி கூலர் கட்டாயம், இந்தக் கன்வர்ட்டர் அதிகச் சூடு தரும்.

ஹூஸ்டனிலிருந்து:

எங்கள் வீட்டில் நான்தான் ஓட்டுகிறேன். 2019 மஸ்டாங் ஜிடி, 460 குதிரைத்திறன், 10 கியர் ஆட்டோமேடிக். இதில் கராஜ் வேலை குறைவுதான். பின்னால் சக்கரம், டிராக் ரேடியல், அவ்வளவே. பர்ன்அவுட்டின்போது முன்சக்கர பிரேக்கை மட்டும் பிடித்துவைக்கும் லைன் லாக், கம்பெனியே திரையில் தந்திருக்கிறது. பேடவுன் டிராக் 2023 ஏப்ரல் போட்டியோடு மூடியதிலிருந்து நாங்களும் தூரம்தான் போகிறோம்.

நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றி. ஆகஸ்டு இரவில் ஹூஸ்டனில் ஓடிவிட்டு, "வண்டி போன மாதம் போல இல்லையே" என்று பாகம் தேடுகிறார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறைந்து, கடலை ஒட்டிய ஊரிலேயே 2500 அடி உயரத்துக் காற்று கிடைக்கும் நாட்கள் உண்டு. எஞ்சின் இழுக்கும் ஆக்சிஜன் குறைகிறது, நேரம் கூடுகிறது. ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் அன்றைய டென்சிட்டி ஆல்டிட்யூடை, அதாவது அன்றைய காற்று எத்தனை அடி உயரத்துக் காற்றுக்குச் சமம் என்ற எண்ணை, எழுதிவையுங்கள். பிப்ரவரிச் சீட்டையும் ஆகஸ்டுச் சீட்டையும் அப்படியே ஒப்பிட்டால் பணம்தான் வீணாகும்.

கன்வர்ட்டிபிள் வைத்திருப்பவர்கள் விதியைப் படித்துவிட்டுப் போங்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பியான ரோல் பாரை, மூடிய வண்டிக்கு 11.49 நொடியில் கேட்பார்கள், திறந்த வண்டிக்கு 13.49இலேயே கேட்பார்கள். 2008 முதல் வந்த, மாற்றம் செய்யாத வண்டிகளுக்குச் சில தளர்வுகள் உண்டு. டிராக் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

மறுபடி எடிசன்:

மிச்சிகன் நண்பர் சொன்னது சரி. ஆக்சில் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் டயர். 8.8க்கும் எல்லை உண்டு. அதில் ஆக்சிலைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் சின்ன சி-கிளிப்தான். ஆக்சில் முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடும். 10.99 நொடியும் அதற்கு மேற்பட்ட வேகமும் என்றால் அந்த கிளிப் அமைப்பை விதியே அனுமதிப்பதில்லை.

ஹெல்மெட் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் முத்திரை மட்டும் இருந்தால் போதாது, ஹெல்மெட்டைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் ஸ்டிக்கர் வேண்டும். உள்ளே துணியைத் தூக்கினால் எஸ்ஏ அல்லது எம் என்ற எழுத்தும் வருடமும் தெரியும். எஸ்ஏ என்றால் தீக்கும் சோதித்தது, கொஞ்சம் கூடக் கொடுத்து அதையே வாங்குங்கள். பழைய வருடம் என்றால் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கியர் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் என்ன ஆகும் என்ற கேள்விக்கு: 3.08லிருந்து 3.73 என்றால் 60 மைலில் போகும்போது 72க்கு மேல் காட்டும். டிரான்ஸ்மிஷன் பக்கவாட்டில் கேபிள் சேரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கியர் இருக்கிறது. ஒரு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பல் எண்ணிக்கை கூடிய கியராகப் போட்டால் சரியாகிவிடும். உங்கள் டயர் அளவைச் சொல்லுங்கள், எத்தனை பல் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.