26 விசைக்குள் 31 எழுத்து: திறன்பேசியில் பொத்தானா, தொடுதிரையா?

செந்தூல் தட்டச்சர்

பொத்தான் வைத்த திறன்பேசி வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அடிப்பவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். தமிழில் அடிப்பவர் முதலில் சொல்ல வேண்டியது, தன் விசைமுகம் (எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு) ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி விசை தரும் தமிழ்99-ஆ, ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிக்கும் அஞ்சலா என்பது. பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தமிழ்99-க்கு 31 விசை வேண்டும். உயிர் 12, மெய் 18, புள்ளி 1. ப்ளேக்பெர்ரி கீவன், கீ2, யூனிஹெர்ட்ஸ் டைட்டன் ஆகிய பொத்தான் கைப்பேசிகளில் எதை எடுத்தாலும் எழுத்து விசை 26தான். கணினியில் வலது ஓரத்தில் இருக்கும் இரண்டு சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய ஐந்தும் அங்கே தனி விசையாக இல்லை. அந்த ஐந்தில்தான் ச, ஞ, ந, ய, ழ இருக்கின்றன. ஞ-வை விடுங்கள், அடிக்கடி வராது. ச, ந, ய, ழ இல்லாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள். 'நன்றி' போச்சு, 'மலேசியா' போச்சு, 'தமிழ்' என்ற சொல்லே போச்சு. ஷிஃப்ட்டில் ஏற்றலாம் என்றால் மேல் வரிசை ஷிஃப்ட்டில் ஸ, ஷ, ஜ, ஹ ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. ஆல்ட்டில் ஏற்றினால் ஒவ்வொரு ந-வுக்கும் இரண்டு அழுத்தம். பிறகு தமிழ்99 எதற்கு?

அஞ்சல் 26-க்குள் அடங்கும். ந-வுக்கு டபிள்யூ, ழ-வுக்கு இஸட். ண, ள, ற மூன்றுக்கும் பெரிய எழுத்து. ஆனால் அழுத்தம் கூடும். 'வணக்கம்' தமிழ்99-இல் 6 அழுத்தம், அஞ்சலில் ஷிஃப்ட் சேர்த்து 9. 'பள்ளி' 4, அங்கே 7. 'தமிழ்ப்பள்ளி' 10, அங்கே 14. ஷிஃப்ட்டை ஒருமுறை தட்டிவிட்டு எழுத்தை அழுத்தும் கணக்கு இது. எழுத்து விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்து விழும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ள, ற அதிகம் வரும் மொழிக்கு அது பெரிய உதவி.

பிரிக்பீல்ட்ஸ் விசைக்காரர்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்த பிறகும் பொத்தானை அழுத்தினால் பல நேரம் ஆங்கிலமே விழும். பொத்தான் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். பழுது இல்லை.

திரையில் தட்டும்போது எழுத்தை உருவாக்குவது விசைப்பலகைச் செயலி. பொத்தானை அழுத்தும்போது கணினியில்போல வெறும் விசைக்குறிதான் போகிறது. அதைச் செயலி இடைமறித்துத் தமிழாக மாற்ற வேண்டும். திரைக்காகவே எழுதப்பட்ட பல செயலிகள் அதைச் செய்வதில்லை. ஆண்ட்ராய்டின் சொந்த 'பிசிக்கல் கீபோர்ட்' அமைப்பில் ஒரு விசைக்கு ஒரு குறி என்ற பட்டியல் மட்டும்தான். 'த்' வந்த பிறகு 'அ' வந்தால் 'த' ஆக்கு என்ற கணக்கு அதற்குத் தெரியாது.

ஆகவே செல்பேசி வாங்கும் முன்பே சோதியுங்கள். உங்கள் இப்போதைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒடிஜி வடம் வழியாகச் சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகுங்கள். நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பேட்டில் 'அம்மா' அடியுங்கள். தமிழ் விழுந்தால் பொத்தான் கைப்பேசியிலும் விழ வாய்ப்பு அதிகம். விழவில்லையா, கீமேன் செயலியில் தமிழ்99 விசைமுகத்தை இறக்கி மறுபடி பாருங்கள். அது வெளி விசைகளையும் கையாளும்.

தஞ்சோங் தோக்கோங்

ஐபோனுக்கு உறைபோல மாட்டும் கிளிக்ஸ் விசைப்பலகை வந்திருக்கிறதே அண்ணே, அதில் எப்படி?

பிரிக்பீல்ட்ஸ் விசைக்காரர்

ஐபோனில் தமிழைச் சேர்க்கும்போதே தமிழ்99, அஞ்சல் இரண்டும் பட்டியலில் வரும், அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கிளிக்ஸிலும் ஐந்து விசைப் பஞ்சம் அப்படியேதான், ஆக அஞ்சல்தான் வழி. உறை கீழ்ப்பக்கம் நீளும். ஒற்றைக் கையில் பிடிப்பவர்கள் கடையில் கையில் எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஜார்ஜ்டவுன் பழுதுபார்ப்பவர்

பழைய ப்ளேக்பெர்ரிக்கு இங்கே பினாங்கில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். அவற்றில் வரும் முதல் கோளாறு இரட்டை விழுதல். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் மெல்லிய உலோகக் குமிழ் இருக்கிறது. அழுத்தினால் அது உள்வாங்கித் தொடுப்பைச் சேர்க்கும். வியர்வை, தூசி, கடற்காற்றின் உப்பு படிந்தால் தொடுப்பு ஒரே அழுத்தத்தில் சேர்ந்து, விட்டு, மறுபடி சேரும். எழுத்து இரண்டாக விழும்.

ஆங்கிலத்தில் இது கண்ணில் பட்டுவிடும், பிழைதிருத்தியும் பிடித்துவிடும். தமிழில் பிடிபடாது. ட இரட்டித்தால் 'படம்' 'பட்டம்' ஆகும், 'கடை' 'கட்டை' ஆகும், 'எடு' 'எட்டு' ஆகும். எல்லாமே சரியான சொல்! தமிழ்99-இல் ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் புள்ளியும் தானாக ஏறிக்கொள்கிறது. அஞ்சலில் அதோடு உயிரும் சேரும், ஆங்கில ஏ (A) விசை இரட்டித்தால் 'பல்' 'பால்' ஆகிவிடும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போகும் செய்தி பரவாயில்லை. கோயில் அறிக்கையோ பள்ளிக் கடிதமோ அடிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

வாங்குமுன் ஆங்கிலத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தையும் பத்து முறை அழுத்தி எண்ணுங்கள். பதினொன்று வந்தால் குமிழ் அழுக்கு, ஒன்பது வந்தால் தேய்மானம். ஓரங்களில் அழுத்தியும் பாருங்கள், நடுவில் மட்டும் வேலை செய்யும் பொத்தான் உண்டு. அழுக்குக்கு 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பில் ஆல்கஹால் போதும். கைப்பேசியை அணைத்து, மென்மையான தூரிகையில் தொட்டு, பொத்தான் இடுக்கில் தேய்த்து, தலைகீழாக வைத்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஊற்றாதீர்கள், திரைப் பசைக்குள் இறங்கிவிடும். தேய்மானத்துக்கு விசைப்பலகைப் பகுதியையே மாற்ற வேண்டும். புதிய பாகம் கிடைப்பது அரிது, பெரும்பாலும் இன்னொரு பழைய கைப்பேசியிலிருந்து கழற்றியதுதான் வரும்.

புக்கிட் பிந்தாங்

கோலாலம்பூரின் லோ யாட் கடைவளாகத்திலும் இணையத்திலும் பழைய கைப்பேசி தேடுகிறவர்களுக்கு. விசையைப் பார்க்கும் முன் வலையமைப்பைப் பாருங்கள். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) இயங்காத கைப்பேசியில் அழைப்பு வந்தால் 4ஜி-யிலிருந்து நேராக 2ஜி-க்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை இணையம் நிற்கும். உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து, மேலே 4ஜி குறி நிற்கிறதா, 2ஜி-யைக் காட்டும் ஈ (E) அல்லது ஜி (G) ஆகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பழைய ப்ளேக்பெர்ரிகளான போல்ட், கியூ10, பாஸ்போர்ட் வேண்டவே வேண்டாம். பழைய ப்ளேக்பெர்ரி இயங்குதளங்களின் சேவை 2022 ஜனவரி 4-இல் முடிந்தது. கீவன், கீ2 இரண்டும் ஆண்ட்ராய்டு, ஆனால் 8.1-உடன் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை, வங்கிச் செயலிகள் பழைய பதிப்புகளைக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன. எழுதுவதற்கு மட்டும் இரண்டாவது கைப்பேசியாக வையுங்கள். வங்கியையும் மின்பணப்பையையும் அதில் ஏற்றாதீர்கள்.

செந்தூல் தட்டச்சர்

தொடுதிரையும் இலவசமாக வரவில்லை. கணினியில் உள்ளபடி தமிழ்99-இன் மேல் வரிசைக்கு 12 விசை. திரை அகலம் 68 மி.மீ. என்றால் ஒரு விசைக்கு சுமார் 5.7 மி.மீ. அஞ்சலின் 10 விசை வரிசையில் 6.8 மி.மீ. பெருவிரலுக்கு அந்த 1.1 மி.மீ. பெரிய வித்தியாசம். ட-வும் ண-வும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தவறுவது அங்கேதான். அகலத்தை நீட்ட முடியாது, உயரத்தை நீட்டலாம்: அமைப்பில் விசை உயரத்தை ஒரு படி ஏற்றுங்கள். அழுத்திய எழுத்து மேலெழும் காட்சியை அணைக்காதீர்கள். அதிர்வை மிகக் குறைவாக வைத்தால் விசை பதிந்தது தெரியும், மின்கலமும் தாங்கும். மழையில் நனைந்த திரையில் எந்த அமைப்பும் உதவாது, துடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினம் செயலியை நம் முத்து நெடுமாறன் 2005-இல் வெளிக்கொணர்ந்தபோது கைப்பேசியில் எண் பொத்தான்கள்தான் இருந்தன. அந்தப் பொத்தான்களிலேயே தமிழ் எழுத முடிந்தது. ஆகவே பொத்தானில் தமிழ் வராது என்று யாரும் விலக வேண்டாம். தினமும் நாலு பக்கம் எழுதுபவர், தமிழ்99 கை பழகியவர் என்றால் என் பரிந்துரை தொடுதிரைக் கைப்பேசியும், பையில் ஒரு மடக்கு புளூடூத் விசைப்பலகையும். அதை வாங்கும்போதும் பெட்டியில் உள்ள படத்தை நம்பாதீர்கள். சிறிய மடக்குப் பலகைகளில் சதுர அடைப்புக்குறியை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும்படி வைத்துவிடுவார்கள். அப்படி இருந்தால் ச-வும் ஞ-வும் மறுபடி போய்விடும். அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு, இரண்டு சதுர அடைப்புக்குறி ஐந்தும் தனித்தனிப் பொத்தானாக இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.