ஏ.எம்.ஆர் 12.2: பிரேம் இழப்பே இல்லை, பெஸ்க் ஸ்கோர் 3-ஐத் தாண்டவில்லை. ஏன்?

மெல்லொலி:
மொபைல் அழைப்புக் குரலைச் சுருக்கும் கோடெக்கான ஏ.எம்.ஆர் நேரோபேண்டின் (குறுகிய அதிர்வெண் பட்டை) எட்டு வேகங்களையும் தமிழ்ப் பேச்சை வைத்து ஒப்பிடுகிறேன். மூலம் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவான 10 விநாடித் துண்டுகள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியது ரெஃபரன்ஸ் (ஒப்பிட வைத்த மூலம்). 8க்கு இறக்கியதை கோடெக்கில் ஏற்றி, வெளிவருவதை மறுபடி 16 ஆக்கி, பைத்தானில் பெஸ்க் (மூலத்தோடு ஒப்பிட்டுப் பேச்சுத் தரத்துக்கு மதிப்பெண் தரும் கணக்கீடு) ஓட்டுகிறேன். 12.2 கேபிபிஎஸ்-க்கே 3-க்குக் கீழ்தான். 4.75-க்கு அதைவிடச் சற்றே குறைவு; காதுக்கோ வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. எங்கே தப்பு? அடுத்து 3% பிரேம் (20 மில்லிவிநாடிப் பேச்சுத் துண்டு) இழப்பு விட்டுப் பார்க்கவும் யோசனை.

நடுஅலை:
முதலில் ரெஃபரன்ஸை அதனுடனேயே ஒப்பிட்டு ஓட்டுங்க. 4.55 வந்தால் நேரோபேண்ட் மோடு, 4.64 வந்தால் வைட்பேண்ட் (அகலப் பட்டை). உங்களுக்கு 4.64தான் வரும் என்று பந்தயமே கட்டலாம்.

8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் நிற்காது. 'ஸ' ஒலியின் இரைச்சலில் பெரும்பங்கு அங்கேதான். 16 ரெஃபரன்ஸில் அது இருக்கிறது, கோடெக் வெளியீட்டில் இல்லை. அந்த அபராதம் எட்டு வேகங்களுக்கும் விழுவதால் 12.2-க்கும் 4.75-க்கும் உள்ள இடைவெளி நசுங்கிப் போகிறது. ரெஃபரன்ஸையும் 8 ஆக்கி, மோடை 'என்பி' (நேரோபேண்ட்) என்று மாற்றுங்க. இரண்டு மோடுகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம். ஏ.எம்.ஆர் வைட்பேண்டோடு ஒப்பிடுவதானால் எல்லாவற்றையும் வைட்பேண்டிலேயே ஓட்டணும்.

கட்டுத்தறி:
கூடவே இதையும் பாருங்க. 48-லிருந்து 8க்கு வர ஆறு சாம்பிளுக்கு ஒன்று என்று பொறுக்கினால் மேல் அதிர்வெண்கள் மடிந்து கீழே விழும். ஃபில்டர் போட்டுத்தான் இறக்கணும். 3ஜிபிபி (மொபைல் தர அமைப்பு) குறிப்பு நிரல் தலைப்பில்லாத 16 பிட் பிசிஎம் (சுருக்காத ஒலி) கேட்கும். வேவ் கோப்பை அப்படியே கொடுத்தால் 44 பைட் தலைப்பு 22 சாம்பிளாகக் குறியாக்கப்பட்டு, தொடக்கத்தில் ஒரு 'டிக்' விழும். ஒலி அளவு மைனஸ் 26 டிபிஓவி (உச்ச அளவுக்கு 26 டெசிபல் கீழே) இருக்கட்டும். மௌனத்தையும் சேர்த்து சராசரி எடுக்காம, பி.56 முறையில் பேச்சுப் பகுதியை மட்டும் அளக்கணும். டிடிஎக்ஸை (மௌனத்தில் பிரேம் அனுப்புவதை நிறுத்தும் வசதி) அணைச்சிடுங்க.

மெல்லொலி:
4.64தான்! 'என்பி' ஆக்கியதும் 12.2 நாலைத் தாண்டிவிட்டது. நன்றி. இழப்புச் சோதனைக்கு 3%-ஐச் சீராகத் தூவினால் போதுமா?

நடுஅலை:
போதாது. 10 விநாடி என்றால் 500 பிரேம், 3% என்றால் 15. அவை தனித்தனியாக விழுவதும், மூன்று மூன்றாக ஐந்து இடத்தில் விழுவதும் ஒன்றல்ல. ரேடியோ இழப்பு பெரும்பாலும் கொத்தாகத்தான் வரும். நல்ல நிலை, கெட்ட நிலை என்று மாறி மாறிக் கொத்தாக இழப்பை உண்டாக்கும் கில்பர்ட்-எலியட் மாதிரியைப் பயன்படுத்துங்க.

இடமும் முக்கியம். 'பட்டம்' சொல்லில் 'ட்' அடைப்பு கிட்டத்தட்ட மௌனம். அங்கே ஒரு பிரேம் போனாலும் தெரியாது. அடுத்த 20 மில்லிவிநாடி, 'ட' வெடிக்கும் பிரேம் போனால், டீகோடர் முந்தைய மௌனத்தையே நீட்டும். அதோடு அதன் சுருதி நினைவகமும் குறியாக்கியோடு ஒத்துப்போகாது. அதனால் பின்னால் சரியாக வந்த சில பிரேம்களும் கெடும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் 20 இழப்பு வரிசையாவது ஓட்டி, சராசரியோடு பரவலையும் காட்டுங்க.

கட்டுத்தறி:
ஜிட்டர் பஃபரையும் (முன்பின் நேரத்தில் வரும் பிரேம்களைக் காத்திருந்து சீராக்கும் இடைச்சேமிப்பு) சேர்ப்பதாக இருந்தால் கவனம். 40-லிருந்து 200 மில்லிவிநாடிக்கு ஏற்றினால் பெஸ்க் உயரும், உரையாடல் நாறிவிடும். மொத்தத் தாமதம் பெஸ்க்குக்குக் கண்ணிலேயே படாது. அதற்கு ஜி.107 இ-மாடல் (தாமதத்தையும் சேர்த்து அழைப்புத் தரத்தைக் கணிக்கும் முறை) தனியாகப் போடணும்.