படகில் ஒட்டிய வரி விளம்பரம்

நைஃப் வைத்து நான் முடித்த முதல் ஆயில் பெயின்டிங், காசிமேட்டுப் படகுகள். நைஃப் என்றால் கலர் கலக்கும் நீளத் தகடு இல்லை. கொத்தனார் கரணையைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கின மாதிரி, கழுத்து வளைந்து இருக்குமே, அது. வளைவு எதற்கென்று பிடித்த பிறகுதான் புரிந்தது: விரல் முட்டி ஈரப் பெயின்ட்டில் படாது.

ஒரு படகின் பக்கவாட்டுக்கு நீலத்தை ஒரே இழுப்பாக இழுத்தேன். அடியில் ஈரமாக இருந்த ஆரஞ்சு, ஓரத்தில் நூல் மாதிரி கூடவே வந்தது. படத்திலேயே நல்ல இடம் அதுதான், நான் போடாமலே விழுந்தது. சும்மா விட்டேனா? இன்னும் கொஞ்சம் என்று மூன்று தடவை தடவினேன். இரண்டும் குழைந்து சேற்று நிறமாகிவிட்டது. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் நைஃபைத் துடைத்ததில் ஒரு பழைய லுங்கியே தீர்ந்தது. (அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். பெயின்ட்டில் இருக்கும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள்.)

பிரெஞ்சு ஓவியர் செசான் 1866-இல் தன் தாய்மாமாவை நைஃபாலேயே பலமுறை வரைந்திருக்கிறார். முகம், கோட்டு எல்லாம் சுவர் பூசின மாதிரி இருக்கும். அந்த ஆசையில் முன்னால் நின்ற சிவப்புப் படகுக்கு அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பை அரை டியூப் அள்ளி அப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. சரி என்று செய்தித்தாளில் சுற்றி, அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் திண்டிவனம் பஸ் ஏறினேன். அங்கே எல்லோர் முன்னாலும் பிரித்தால் தாள் வர மறுக்கிறது. ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். அதனால் தடிமனாகப் போட்டால் காய்ச்சின பால் மாதிரி மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே மாதக்கணக்கில் கொழகொழவென்றே இருக்கும். அதிலும் அலிசரின் காய்வதற்குப் பெயர்போன சோம்பேறி. பக்கத்தில் அம்பர் என்ற பழுப்பு நிறம் பூசின பலகையெல்லாம் எப்போதோ கல்லாகியிருந்தது.

பஸ் நெரிசலில் ஆடை கிழிந்திருக்க வேண்டும். தாளை உரித்ததும் சிவப்புப் படகின் மேல் "மணமகன் தேவை" தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில் பதிந்திருந்தது.

சுரண்டித் தருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "இருக்கட்டும்டா, படகுக்குப் பெயர் வேண்டாமா?" என்று அப்படியே ஹாலில் மாட்டிவிட்டாள்.