பிளாக் ஹீட்டர் வயரை மறந்து வண்டியை எடுத்தவர்கள் உண்டா?

வின்னிபெக்_வண்டிக்காரன்
மூன்று வாரமாகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. மைனஸ் 31 டிகிரி. குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைச் சுவர் பிளக்கில் செருகியிருந்தேன், கழற்ற மறந்துவிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது, ரிவர்ஸ் போட்டேன். 'படக்!' இறங்கிப் பார்த்தால் பிளக் சுவரிலேயே இருக்கிறது, வண்டியின் முன் கிரில்லிலிருந்து அறுந்த வயர் தொப்புள்கொடி மாதிரித் தொங்குகிறது. இத்தனைக்கும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான் இதையெல்லாம் செய்தேன். வேலை வெறும் 6 கிலோமீட்டர். செருகி வைத்த வாரம் நூறு கிலோமீட்டருக்கு 11.6 லிட்டர், அறுந்த பிறகு 12.9.

எட்மன்டன்வாசி
ஒரு வாரக் கணக்கை வைத்து எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த வாரம் குளிர் கூடியிருக்கலாம், டயரில் காற்று இறங்கியிருக்கலாம். நான் தினமும் 45 கிலோமீட்டர் ஹைவேயில் ஓடுகிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் கதை வேறு. அலுவலக பார்க்கிங்கில் செருகினால் கரண்டே இல்லை. 'பிளக் செத்துப்போச்சு' என்று பராமரிப்பு ஆளை அந்தப் பனியில் வரவழைத்தேன். அவர் வந்து நிற்கும்போதே கரண்டு வந்துவிட்டது. அங்கே விட்டுவிட்டுத்தான் தருவார்களாம். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

பழைய_டீசல்
எட்மன்டன் தம்பி, 45 கிலோமீட்டர் ஓடினால் எஞ்சின் தானே சூடாகிவிடும், வித்தியாசம் எப்படித் தெரியும்? குறுகிய ஓட்டத்தில்தான் பலன். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் திரவம் சூடாகும்வரை வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைனஸ் 20இல் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்று கனடா அரசே சொல்கிறது.

எனக்கு நடந்தது இவ்வளவுதான்: வீட்டு விளக்குக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டேன், காலையில் பனிமேல் உருகிக் கிடந்தது.

யாரும் கேட்கவில்லைதான், சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்கச் செருகாதீர்கள். 400 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு 4 யூனிட். கிளம்புவதற்கு இரண்டு மணி முன் டைமர் வைத்தால் 0.8 யூனிட்தான். அதற்கு மேல் சூடாக்கிப் பெரிய லாபமில்லை, வருகிற சூடு வெளியேதான் போகும். வெளியில் போடுகிற தடித்த வயராக வாங்குங்கள். செருகியதும் வயரை ஒரு சுற்றுச் சுற்றி டிரைவர் பக்கக் கதவுக் கைப்பிடியில் மாட்டுங்கள், மறக்கவே முடியாது. 1949இலேயே அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் இந்த மாதிரி ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், நாம் இன்னும் வயரை அறுத்துக்கொண்டிருக்கிறோம்.

எட்மன்டன்வாசி
பலனே இல்லை என்று நான் எங்கே சொன்னேன் அண்ணா? எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

வின்னிபெக்_வண்டிக்காரன்
கைப்பிடி யோசனைக்கு நன்றி அண்ணா, இப்போது அப்படித்தான் மாட்டுகிறேன். புது வயர், பிளக் மாற்றின கூலி எல்லாம் சேர்த்து 210 டாலர். லிட்டர் கணக்கு எழுதிய நோட்டை மனைவி எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள், கேட்டால் மார்ச்சில் தருகிறேன் என்கிறாள்.