காரையில் கிடைத்த அம்மோனைட் புதைபடிவம் உதிர்கிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: மழை அரித்த களிமண் மேடுகள், காலடியில் துப்பாக்கிக் குண்டு போல பெலம்னைட்டுகள் (கணவாய் போன்ற பழங்கால உயிரியின் புதைபடிவங்கள்). டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்த இடம். அங்கே ஒரு சரிவின் அடியில் உதிர்ந்து கிடந்த அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி) துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். தோண்டவெல்லாம் இல்லை.

உள்ளங்கை அளவு. மேல்பக்க வரிகள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் காய்ந்ததும் விளிம்பு பொடிப்பொடியாக உதிர்கிறது. விரிசலுக்குள் ஜிப்சம் பளபளக்கிறது. தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார்கள். களிமண் ஊறிப் பெருத்தால் விரிசல் பெரிதாகுமே என்று தயக்கம். வினிகர் வேண்டவே வேண்டாம், அமிலம் சுண்ணத்தையும் சேர்த்தே தின்றுவிடும். கடையில் விற்கும் உடனடிப் பசையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அருங்காட்சியகங்களில் பேராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துத் தடவுகிறார்கள். தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே திரும்பக் கரைத்தும் எடுத்துவிடலாமாம்.

அது திருச்சியிலோ சென்னையிலோ சில்லறையாகக் கிடைக்குமா? இப்படி உதிரும் துண்டுக்கு எவ்வளவு நீர்க்கக் கரைக்க வேண்டும்? முதலில் தூரிகையால் களிமண்ணை எடுப்பதா, பிசின் பூசிய பிறகா? கையால் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

அப்புறம், இனம் கண்டு சொல்லக்கூடிய நிலவியல் பேராசிரியர் யாராவது குழுவில் இருக்கிறீர்களா? எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் அளவுகோல் வைத்து எடுத்த படங்களும் இருக்கின்றன. ஆய்வுக்குப் பயன்படும் என்றால் துண்டையே கொடுத்துவிடுகிறேன். விற்கும் எண்ணம் இல்லை, விலை கேட்டு உள்பெட்டிக்கு வர வேண்டாம்.