நவஹோ மக்களுக்குப் பெண் அதிபர் கூடாதா?

செண்பகம்:
லிண்டா லவ்ஜாய் பற்றி நேற்று முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன், மனசு ஆறவில்லை. அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது, நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசம். அதன் அதிபர் பதவிக்கு 2006-இலும் 2010-இலும் நின்றவர் அவர். நியூ மெக்சிகோ மாநிலச் செனட்டில் உறுப்பினராக இருந்தவர். 2010 முதற்கட்டத் தேர்தலில் அவருக்குத்தான் முதலிடம். மூன்று மாதம் கழித்து நடந்த இறுதிச் சுற்றில், துணை அதிபராக இருந்த பென் ஷெல்லியிடம் தோற்றார். பெண் தலைமைக்கு வந்தால் கேடு வரும் என்று பழங்கதையைக் காட்டிச் சிலர் பேசியதும் அந்தத் தேர்தல்களில்தான். பிள்ளைக்குத் தாயின் குலமே குலம், ‘மாறும் பெண்’ணைத் தெய்வத் தாயாக வணங்குகிறார்கள். அப்படிப்பட்ட மக்களிடமிருந்தா இந்தப் பேச்சு?

குமரேசன்:
செண்பகம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இறுதிச் சுற்றில் லவ்ஜாய்க்கு ஏறக்குறைய 47 சதவீத வாக்கு கிடைத்தது. மரபு தடுத்தது என்றால் கிட்டத்தட்ட பாதிப் பேர் எப்படி அவருக்குப் போட்டார்கள்? முதற்கட்டத்தில் நிறையப் பேர் நின்றதால் வாக்கு சிதறியது. களத்தில் இருவர் மட்டும் மிஞ்சியபோது கணக்கு மாறிவிட்டது. இது எந்த ஊர்த் தேர்தலிலும் நடப்பதுதான்.

அப்புறம், தாய்வழி என்பது குலத்துக்கும் வீட்டுக்கும் உள்ள முறை. ஊருக்காகப் பேசும் தலைவரை அவர்கள் நாட்டானி என்பார்கள். 1868-இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்த பார்போன்சித்தோ முதலானோர் எல்லாரும் ஆண்களே. பெரியவர்கள் அந்தக் கதையை வேதமாக மதிக்கிறார்கள். அதைச் சாக்கு என்று வெளியே இருக்கும் நாம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

செண்பகம்:
1868-இல் ஒப்பந்தத்துக்கு ஆண்களை மட்டும் அழைத்தது யார்? அமெரிக்க ராணுவம். 1923-இல் நவஹோ மக்களின் சட்டசபையான நவஹோ மன்றம் அமைந்ததும் எண்ணெய்க் குத்தகைக்குக் கையெழுத்துப் போட ஆள் தேவைப்பட்டதால்தான். அதை அமைத்தது வாஷிங்டன். அப்படி வெளியிலிருந்து வந்த நாற்காலியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், பிறகு அதுவே மரபாகிவிட்டது.

ஆடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மந்தையில் பெரும்பங்கு பெண்களுடையது. அவர்கள் நெய்யும் கம்பளத்துக்குக் கம்பளியும் அங்கிருந்துதான். 1930-களில் மண் அரிக்கிறது என்று காரணம் காட்டி, பழங்குடி விவகாரங்களுக்கு ஆணையராக இருந்த ஜான் காலியர் காலத்து அமெரிக்க அரசு மந்தைகளைக் குறைத்தது. ஏராளமான ஆடுகளைச் சுட்டுக் கொன்று அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். தன் ஆடுகள் செத்துக் கிடப்பதைப் பார்த்த அந்தப் பெண்களுக்காகப் பேச அன்றைய மன்றத்தில் ஒரு பெண்ணும் இல்லை. சொத்து அவர்களுடையது, பேச்சு அடுத்தவருடையது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தென்றல்:
இருவரும் கதை கதை என்கிறீர்கள், அது என்ன என்று சொல்லவில்லையே. முதல் ஆணுக்கும் முதல் பெண்ணுக்கும் சண்டை வருகிறது. ஆண்கள் எல்லாரும் ஆற்றைக் கடந்து மறுகரைக்குப் போய்விடுகிறார்கள். ஆண்டுகள் ஓடுகின்றன. பெண்களின் வயல் பாழாகிறது, பசி. அந்தப் பிரிவின் விளைவாகவே மக்களைத் தின்னும் அரக்கர்கள் பிறந்தார்கள். கடைசியில் இரு தரப்பும் சேர்ந்துகொள்கிறார்கள்.

பெண் தனித்து ஆள முடியாது என்று இதை ஒருவர் படிக்கலாம். ஆனால் மறுகரையில் இருந்த ஆண்களும்தானே தவித்தார்கள்? ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை என்றுதான் நான் படிக்கிறேன். நவஹோ பெண்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

குமரேசன்:
தென்றல் சொன்ன வாசிப்பை ஏற்கிறேன். ஆடுகள் விஷயத்தில் செண்பகத்தோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்களே தம் வழியில் மாறி வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். 1951-இல் ஆனி வானெகா மன்றத்துக்குத் தேர்வானார். காசநோய் பரவியபோது வீடு வீடாகப் போனவர் அவர். மருத்துவச் சொற்களை நவஹோ மொழியில் விளக்க ஓர் அகராதியே தயாரித்தார். 1963-இல் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2023 ஜனவரியில் கிறிஸ்டலின் கர்லி மன்றத்தின் முதல் பெண் சபாநாயகரானார். அதே மாதம் ரிச்செல் மோன்டோயா முதல் பெண் துணை அதிபராகப் பதவியேற்றார். யாரும் வெளியிலிருந்து போய்க் கற்றுக்கொடுக்கவில்லை.

செண்பகம்:
வானெகா பெயரைச் சொன்னதற்கு நன்றி அண்ணா. ஆனால் 1951-இலிருந்து 2023 வரை எத்தனை வருஷம் என்று எண்ணிப் பாருங்கள், எழுபத்திரண்டு. மெதுவாக மாறட்டும் என்று சொல்வது நமக்குச் சுலபம். அங்கே இன்றும் பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது, பீப்பாயில் சுமந்து வருகிறார்கள். தண்ணீர் உரிமை வழக்கில் 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கைவிரித்துவிட்டது. இதையெல்லாம் வாஷிங்டனில் போய்ப் பேச வேண்டியவர் அதிபர். துணை அதிபர் பதவி அதற்கு ஈடாகாது.

குமரேசன்:
ஈடாகாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நவஹோ தலைநகரான விண்டோ ராக்கில் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்காரும்போது, பெண் என்பதற்காக அல்ல, தண்ணீர் கொண்டுவருவார் என்று நம்பி நவஹோ மக்கள் போட்ட வாக்காக அது இருக்க வேண்டும்.

செண்பகம்:
லவ்ஜாய் கேட்டதும் அந்த வாக்கைத்தான், அண்ணா.